அத்மீத் ஊரார் கேட்ட கேள்வி

லேகான் ஊர் விழுந்த அன்று, தீர்க்கதரிசி மல்கிராமைத் தொழுமரத்திலிருந்து விடுவித்தவர்கள் அசீரியச் சிப்பாய்கள்.

அவருடைய கால்களை அந்த மரத்தில் மாட்டியவர்கள் சொந்த ஊரார். இப்போது அவர்கள் வாசலுக்கு வெளியே வரிசையாக, கழுத்துக்குக் கழுத்து கயிறு கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். வடக்கே நடத்திக்கொண்டு போவதற்கு உத்தரவு வரவேண்டியிருந்தது. கிழவர் எழுந்து நிற்க முடியாமல் தடுமாறுவதையும், ஒரு சிப்பாய் அவருடைய கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குவதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

லேகான் யூதாவின் மலைநாட்டில் ஒரு சிறிய ஊர். ஆனால் அதன் வாசல் பெரியது. வழக்குகள் அங்கேதான் தீரும். விதவைகளின் வழக்குகள் சீக்கிரமாகவே தீரும். மூப்பர்கள் கையை அசைத்தால் அவர்கள் போய்விட வேண்டும்.

அந்த வாசலில் நின்று மல்கிராம் முப்பது வருஷம் பேசினார். பகை நாடுகளான மோவாபுக்கும் ஏதோமுக்கும் வரப்போகும் தண்டனையை அவர் சொன்ன நாட்களில் கூட்டம் நெருக்கியடித்தது. வீட்டுக்கு அழைத்துப்போய் ஆட்டுக்கறி போட்டார்கள். அதே கர்த்தர் லேகானையும் விசாரிப்பார் என்று சொன்ன அன்று கல் எறிந்தார்கள். ஒரு காது அப்படித்தான் போயிற்று. பிறகு சீடர்களும் போனார்கள். கடைசியாக நின்றவன் சாமேர் ஒருவன்தான்.

மல்கிராம் ஊற்றுக்கு நொண்டி நடந்து தோல்பையில் தண்ணீர் கொண்டுவந்தார். வரிசையின் முனையில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். அவள் முன்னால் குனிந்தார்.

"குடி அம்மா."

"வேண்டாம்."

"பிள்ளைக்காவது கொடு."

"உங்கள் கர்த்தர்தான் ஜெயித்துவிட்டாரே. போய் அவரோடு உட்கார்ந்து குடியுங்கள்."

அடுத்தவனிடம் நீட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்கடுத்து இருந்தவன் ஊர் மூப்பன். தொழுமரத்துக்கு உத்தரவு கொடுத்தவன் அவன்தான். அவன் மட்டும் குடித்தான். நிதானமாகக் குடித்துவிட்டு வாயைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"சந்தோஷம்தானே, மல்கிராம்?"

"இல்லை."

"என்னிடம் என்ன வெட்கம். முப்பது வருஷம் காத்திருந்தாய். வந்துவிட்டது."

"நான் காத்திருந்தது, நீ பிடுங்கிக்கொண்ட அந்த விதவையின் வயலைத் திருப்பிக் கொடுப்பாய் என்று."

மூப்பன் சிரித்தான். "வயலா. இப்போது எனக்கே அது எந்தப் பக்கம் என்று தெரியாது."

சாமேர் தோல்பையை வாங்கிக்கொண்டு அவரை அப்பால் அழைத்துப்போனான்.

"ஐயா, நாம் சொன்னது நடந்துவிட்டது."

"ஆமாம்."

"நீங்கள் சொன்னது சரி என்று சொல்ல ஒருவர்கூட வரவில்லை."

"அதற்காகவா என்னோடு இத்தனை காலம் இருந்தாய்?"

சாமேர் தோல்பையின் வாயை இறுக்கிக் கட்டினான். அதற்காகவும்தான் இருந்தான்.

இருவரும் வாசலின் காவலறையில் போய் உட்கார்ந்தார்கள். கூரை எரிந்துபோயிருந்தது. அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் அத்மீத் தெரியும். அந்த ஊர் இன்னும் விழவில்லை. அசீரியர் அதைச் சுற்றிக் கூடாரம் போட்டிருந்தார்கள். மதிலுக்குள்ளே சில வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது. சாமேரின் தங்கை நாமாளை அந்த ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தது. எந்தப் புகை அவளுடையது என்று அவன் தேடிக்கொண்டிருந்தான்.

பொழுது சாயும் நேரத்தில் அகியாம் கோவேறு கழுதையில் வந்தான்.

அவன் அசீரியப் படைத்தலைவனின் மொழிபெயர்ப்பாளன். பிறப்பால் இஸ்ரவேலன். இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் விழுந்தபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தவன். இப்போது தாடியை அசீரியனைப்போலச் சுருட்டி எண்ணெய் தடவியிருந்தான். பேச்சில் மட்டும் சொந்த நாட்டு இழுப்பு போகவில்லை.

ஒரு கூடையைக் கீழே வைத்தான். அப்பமும் அத்திப்பழ அடையும் இருந்தன.

"சாப்பிடும், பெரியவரே. படைத்தலைவர் அனுப்பினார்."

"வெளியே உட்கார்ந்திருக்கிறவர்கள் சாப்பிட்டார்களா?"

"அவர்களுக்கு நாளைக்கு."

"நானும் நாளைக்குச் சாப்பிடுகிறேன்."

"நீர் சாப்பிடாவிட்டால் அவர்கள் வயிறு நிறையுமோ." அகியாம் ஓர் அப்பத்தைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டான். "உம்மைப்பற்றி நன்றாகத் தெரியும். உங்கள் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள் சொல்லிச் சொல்லி, பாளயத்தில் சமையல்காரனுக்குக்கூட உம்முடைய வார்த்தை மனப்பாடம். படைத்தலைவர் கேட்டு மகிழ்ந்துபோனார். எங்கள் தேவர்கள் எங்களுக்கு நாடுகளைக் கொடுத்தார்கள் என்று நாங்கள் சொல்வது வழக்கம். தோற்றவனுடைய தேவனே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்றால் அது இன்னும் நன்றாக இருக்கிறதல்லவா."

"என்ன வேண்டும் உனக்கு?"

"நாளைக் காலையில் அத்மீத் மதிலுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். உம்மை அவர்களுக்குத் தெரியும். நீர் சொல்லி லேகான் விழுந்ததும் தெரியும். வாசலைத் திறந்தால் ஒருவனையும் கொல்லமாட்டோம். நடத்திக்கொண்டு போவோம். திறக்காவிட்டால் ஏணி வைப்போம். ஏணி வைத்தால் என்ன ஆகும் என்று இங்கே பார்த்தீர்."

"கொல்லமாட்டீர்கள் என்பதற்கு என்ன நிச்சயம்?"

"படைத்தலைவர் வாக்கு மாறமாட்டார். நல்லவர் என்று சொல்லவில்லை. செத்தவனைவிட நடக்கிறவன் அவருக்கு உபயோகம்."

சாமேர் தன் குருவைப் பார்த்தான்.

"சொல்கிறேன்," என்றார் மல்கிராம். "ஆனால் முழுவதும் சொல்வேன்."

"முழுவதும் சொல்லும். யார் வேண்டாம் என்றார்கள்."

"முழுவதும் உனக்குத் தெரியுமா?"

அகியாம் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, பள்ளிப்பிள்ளை போல நிமிர்ந்து சொன்னான்:

"மலைகளின்மேல் இருக்கிற ஊர்களே, கேளுங்கள். வடக்கிலிருந்து வருகிறவனை நானே அழைத்தேன். தகப்பனில்லாத பிள்ளையை உங்கள் வாசலிலிருந்து துரத்தினீர்கள். ஆகையால் அந்த வாசலை அவன் கையில் கொடுத்தேன். அது இனி உங்களுடையது அல்ல."

"அது பாதி," என்றார் மல்கிராம்.

"மீதி ஒன்று உண்டா? நான் கேட்டதே இல்லையே."

"ஒருவரும் கேட்டதில்லை. அந்த இடத்தில் கல் வந்துவிடும்."

அகியாம் வாய்விட்டுச் சிரித்தான். "என்னிடம் கல் இல்லை. சொல்லும்."

மல்கிராம் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"வடக்கிலிருந்து வருகிறவனே, நீயும் கேள். உன் பலத்தால் நீ வரவில்லை. நான் உன்னை வாசலுக்கு அழைத்தேன். நீ தொட்டிலையும் கொள்ளையடித்தாய். லேகானை விசாரித்த நான் உன்னை விசாரிக்கமாட்டேன் என்று நினைத்தாயோ. நீ அவர்களை நடத்திக்கொண்டுபோன வழியாகவே நான் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவேன். அன்று அந்த வழியில் உன் பெயரைச் சொல்லி வழிகேட்பார் இல்லை."

அகியாம் மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தான். தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அவர்களை என்றால்? சமாரியாவிலிருந்து போனவர்களும் அதில் உண்டா?"

"நீங்கள் எந்த வழியாகப் போனீர்கள்?"

"ஆற்றங்கரையோரமாக. அம்மா அந்தக் கரையில்தான்..."

"எல்லாரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள்."

அகியாம் மடியிலிருந்த துணுக்குகளைத் தட்டிவிட்டான். மறுபடி பேசியபோது குரல் பழையபடி ஆகிவிட்டது.

"இதைச் சொன்னால் உம்முடைய நாக்கை அறுப்பார்கள். மொழிபெயர்த்ததற்கு என்னுடையதையும். பெரியவரே, முதல் பாதியோடு நிறுத்தும். இத்தனை வருஷமும் அங்கேதானே நிறுத்தினீர்."

"நான் நிறுத்தவில்லை. நிறுத்தினார்கள்."

"பாதியோடு நிற்பேன் என்று ஒரு வாக்குக் கொடும். இல்லாவிட்டால் உம்மை மதிலுக்குப் பக்கத்தில் விடமாட்டேன்."

"சொல் என்னுடையதாக இருந்தால் வாக்குக் கொடுத்திருப்பேன்."

அகியாம் கழுதையின்மேல் ஏறினான். போகுமுன் சாமேரைப் பார்த்தான்.

"உன் குரலையும் அவர்களுக்குத் தெரியும் இல்லையா. இவர் கூடவே நின்றவன்தானே நீ. விடிந்ததும் வருவேன்."

கூடையை விட்டுவிட்டுப் போனான்.

இருவரும் அதைத் தொடவில்லை. பிறகு சாமேர் பேசினான்.

"நாமாள் அங்கே இருக்கிறாள், ஐயா."

"தெரியும்."

"மூன்று பிள்ளைகள்."

"தெரியும். கடைசிப் பிள்ளைக்கு என் பெயரை வைக்கப்போனாள். வேண்டாம், தெருவில் அடிபடுவான் என்று நான்தான் தடுத்தேன்."

"முதல் பாதி பொய்யா?"

"இல்லை."

"அதற்காக நீங்கள் கல்லடி பட்டீர்கள். மரத்தில் கிடந்தீர்கள். அப்போது உண்மையாக இருந்தது இப்போதும் உண்மைதானே."

மல்கிராம் கால்களை நீட்டி, மரம் அழுத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ஒரு தகப்பன் இருந்தான்," என்றார். "மகளைத் தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தான். அங்கே அவளுக்குக் கஷ்டம் என்று கேள்விப்பட்டு ஓர் ஆளை அனுப்பினான். 'நீ இங்கே வராதே. நானே வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.' இதுதான் செய்தி."

"சரி."

"ஆள் போனான். வாசலில் மகளோடு மாமியாரும் நின்றாள். 'உன்னை வீட்டுக்கு வராதே என்றார் உன் அப்பா' என்று ஆரம்பித்தான். மாமியாருக்கு அது இனித்தது. உள்ளே வா, உட்கார் என்றாள். பெரிய அப்பமாகப் பார்த்துக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டான். வாய் நிறைய அப்பம். மீதி அதோடு சேர்ந்து உள்ளே போய்விட்டது."

"தகப்பன்?"

"வந்தான். கதவைத் தட்டினான். மகள் திறக்கவில்லை."

சாமேர் அத்மீத் பக்கம் திரும்பினான்.

"அவள் உயிரோடு இருந்தாளா, ஐயா?"

"இருந்தாள்."

"எனக்கு அது போதும்."

மல்கிராம் மறுபடி காலைத் தேய்த்துக்கொண்டார்.

"முதல் பாதியை நான் போய்ச் சொல்கிறேன். என்னைத் தடுக்கிறீர்களா?"

"இல்லை."

"ஆசீர்வாதம் செய்து அனுப்புவீர்களா?"

"இல்லை."

விடிந்ததும் சாமேர் அகியாமோடு போனான். மல்கிராம் காவலறையின் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தாக்கில் இறங்குகிறவரை அவன் தலை தெரிந்தது.

அத்மீத் மதிலுக்கு முன்னால் அசீரியர் மண் குவித்து மேடு கட்டியிருந்தார்கள். சாமேரை அதன்மேல் ஏற்றினார்கள். அகியாம் பக்கத்தில் நின்று, நண்பனைப்போல அவன் பிடரியில் கை வைத்துக்கொண்டான்.

மதிலின்மேல் ஆட்கள் கூடினார்கள். வில்லை யாரும் வளைக்கவில்லை. "மல்கிராமின் ஆள்," என்று ஒருவன் சொல்வது கேட்டது. "லேகான் வாசலில் கூடவே நிற்பானே, அவன்."

பெண்களும் ஏறி வந்தார்கள். அவர்களில் நாமாள் இருக்கிறாளா என்று சாமேர் தேடவில்லை. தேடினால் குரல் வராது என்று தோன்றியது.

சொல்ல ஆரம்பித்தான். மலைகளின்மேல் இருக்கிற ஊர்களே என்றான். வடக்கிலிருந்து வருகிறவனை நானே அழைத்தேன் என்றான். தகப்பனில்லாத பிள்ளையைச் சொன்னபோது மதிலின்மேல் சிலர் தலைகுனிந்தார்கள். அவனுக்கு அது ஆச்சரியமாக இருந்தது. அந்த இடத்தில் யாரும் தலைகுனிந்து அவன் பார்த்ததில்லை.

அது இனி உங்களுடையது அல்ல என்று முடித்தான்.

முடித்ததும் அவன் தோள்கள் தாமாகவே ஒடுங்கின. பழக்கம்.

கல் வரவில்லை. எங்கோ ஒரு குழந்தை இருமிற்று. பிறகு மதிலின்மேல் ஒரு கிழவன் இரண்டு கைகளையும் ஊன்றிக் குனிந்தான்.

"தம்பி," என்று கூப்பிட்டான். "கர்த்தர் அவ்வளவோடு நிறுத்திவிட்டாரா? அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையா?"

பிடரியில் இருந்த கை இறுகவில்லை. அப்படியே இருந்தது. சாமேர் திரும்பி அகியாமைப் பார்த்தான். அகியாம் கூடாரங்களின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கேட்கிறதா?"

"கேட்கிறது."

"ஒன்றும் இல்லையா?"

"இல்லை," என்றான் சாமேர். "அவ்வளவுதான்."

கிழவன் இன்னும் கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு இறங்கிப்போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வெயில் ஏறுவதற்குள் வாசல் திறந்தது.

படைத்தலைவன் வாக்கைக் காப்பாற்றினான். ஒருவரும் சாகவில்லை. மதியத்துக்குமேல் அத்மீத் ஊராரைக் கயிற்றில் கோர்த்து லேகானுக்குக் கொண்டுவந்து, லேகான் வரிசைக்குப் பின்னால் சேர்த்தார்கள்.

சாமேர் வழியோரம் நின்றான். நாமாள் வந்தாள். கழுத்தில் கயிறு, இடுப்பில் பிள்ளை. மற்ற இரண்டும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தன. அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. வழியில் நிற்கும் ஒரு மரத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

நடுப்பிள்ளை கல் தடுக்கி விழுந்தது. முழங்கால் கிழிந்து, "கர்த்தரே, கர்த்தரே" என்று, வீட்டில் கற்றுக்கொடுத்தபடி, அழுதது.

நாமாள் அதன் வாயைப் பொத்தினாள்.

"அந்தப் பெயரைச் சொல்லாதே," என்றாள். "அவர் இப்போது இவர்களுடைய ஆள்."

பிள்ளையைத் தூக்கி நிறுத்திக்கொண்டு நடந்தாள்.

சாமேர் காவலறைக்கு வந்தபோது மல்கிராம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூடையைக் காணவில்லை. வரிசையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார்கள். பசி.

"திறந்தார்களா?"

"திறந்தார்கள். ஒருவரும் சாகவில்லை."

"நல்லது," என்றார் மல்கிராம். மனதாரச் சொன்னார். "நாமாள்?"

"பார்த்தேன்." அவள் பிள்ளையிடம் சொன்னதைச் சொன்னான்.

மல்கிராம் நல்ல காதை அவன் பக்கம் திருப்பியிருந்தார். அதை அப்படியே வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"இன்னொன்று, ஐயா."

"சொல்."

"அத்மீத்தில் மீதியைக் கேட்டார்கள்."

அவர் தலை நிமிர்ந்தது. "என்ன கேட்டார்கள்?"

"அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லையா என்று."

"யார்?"

"ஒரு கிழவன். பெயர் தெரியவில்லை."

"எப்படிக் கேட்டான்? அவன் சொன்னபடியே சொல்."

"'கர்த்தர் அவ்வளவோடு நிறுத்திவிட்டாரா? அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லையா?' இரண்டு தடவை கேட்டான்."

மல்கிராம் கண்ணை மூடிக்கொண்டார்.

"முப்பது வருஷம்," என்றார்.

வெளியே சிப்பாய்கள் வரிசையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு வந்துவிட்டிருந்தது.

"நான் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன், ஐயா."

"அப்படித்தான் சொல்லியிருப்பாய்."

"இப்போது நான் என்ன செய்வது?"

மல்கிராம் எழுந்தார். சாமேரின் மணிக்கட்டைப் பிடித்து, நொண்டிக்கொண்டே அவனை வெளியே அழைத்துப்போனார். லேகான் வரிசையைக் கடந்தார். அத்மீத் வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே ஒரு சிப்பாய் கயிற்றின் நுனியை முடிந்துகொண்டிருந்தான். மல்கிராம் சாமேரின் கழுத்தைச் சுட்டிக் காட்டினார்.

சிப்பாய்க்குப் புரியவில்லை. அகியாமைக் கூப்பிட்டான்.

அகியாம் வந்தான். "என்ன இது. இவனுக்குத்தான் விடுதலை கொடுத்தாயிற்றே. மேட்டில் நின்றதற்கு."

"இவனுக்கு வேண்டாம்."

"இவன் கேட்கவில்லையே. நீர்தானே கேட்கிறீர்."

மல்கிராம் பிடித்திருந்த மணிக்கட்டை விட்டுவிட்டார். சாமேர் ஓடவில்லை. சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, சிப்பாயின் பக்கம் குனிந்தான்.

அகியாம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இவன் போகிற வழியில் என்ன பேசுவான் என்று எனக்குத் தெரியும், பெரியவரே."

"உனக்குத் தெரியும்."

அகியாம் தாடியை இழுத்துவிட்டுக்கொண்டான். சிப்பாயிடம் அசீரிய மொழியில் ஏதோ சொன்னான். சிப்பாய் தோளைக் குலுக்கிவிட்டு, சாமேரின் கழுத்தில் கயிற்றைப் போட்டான். அகியாம் திரும்பிப் பார்க்காமல் முன்வரிசைக்குப் போனான்.

"நீங்கள் வரவில்லையா, ஐயா?"

"என்னையும் கட்டச் சொல்லி நேற்றே கேட்டேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூடத் தாங்கமாட்டேனாம். வேண்டாம் என்றுவிட்டார்கள்."

"இங்கே யாரிடம் பேசுவீர்கள்?"

மல்கிராம் திரும்பிப் பார்த்தார். திறந்து கிடந்த வாசலுக்குள் தெரு நெடுகக் கண்ணுக்கு எட்டியவரை ஆள் இல்லை.

"முன்பு மட்டும் யாரிடம் பேசினேன்," என்றார்.

முன்னால் கயிறு இழுபட்டது. வரிசை அசைந்தது. சாமேருக்கு முன்னால் நின்றவன் பின்னால் கட்டப்பட்டது யார் என்று திரும்பிப் பார்த்து, தரையில் துப்பிவிட்டு நடந்தான். மல்கிராம் கூடவே நொண்டிக்கொண்டு வந்தார்.

"இவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஐயா."

"பார்க்கமாட்டார்கள்."

"வாயைத் திறந்தால் அசீரியனுடைய ஆள் என்பார்கள்."

"என்பார்கள்."

"அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் சுற்றிலும் அசீரியர்தான். நான் யாரிடம் சொல்வது?"

மல்கிராமால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. நின்றுவிட்டார். கயிறு சாமேரை இழுத்துக்கொண்டு போயிற்று. அவனுக்குக் கேட்கும்படி, வாசலில் பேசும் குரலில் சொன்னார்:

"அந்த அசீரியரிடமே சொல். மீதி அவர்களுக்குத்தான் வந்தது."